எதிர்த் தொட்டில்

உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள். தங்கச்சிமடம் சவேரியார் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தேதான் தின்றார். அவர் மலை கரையவில்லை. கரைந்திருந்தால் வேலை போயிருக்கும்.

விசைப்படகில் வலை இழுத்த ஆள். வலையைச் சுற்றி இழுக்கும் வின்ச் எந்திரத்தின் கயிறு அறுந்து முழங்காலில் அடித்தபிறகு கடலுக்குப் போக முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் வளைகுடாவிலிருந்து திரும்பிய சதக்கத்துல்லா, உச்சிப்புளிப் பக்கம் ரோட்டோரமாக ‘பவளத்தீவு’ என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா திறந்தார். ராமேசுவரம் போகிற வேன்களெல்லாம் நின்று போகும் என்று அவருக்கு ஆசை. பொருட்காட்சிக்காரர் ஒருவரிடம் பழைய ராட்சத ராட்டினத்தை வாங்கி நிறுத்தினார். அதில்தான் ஏமாந்தார்.

ராட்டினத்தின் மோட்டார் நோஞ்சான். ஒரு பக்கம் மட்டும் ஆள் இருந்தால் சக்கரம் பாதியில் நின்று முனகும். கூட்டம் இருந்தால் எடை தானாகச் சமமாகிவிடும். கூட்டமில்லாத நாளில் ஒரே ஒரு குடும்பம் வந்து நின்றால்? நேர் எதிர்த் தொட்டிலில் கனத்த ஆள் ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும். வேலை கேட்டு வந்த சவேரியாரைப் பார்த்ததும் சதக்கத்துல்லாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“அண்ணே, நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம். சும்மா உக்காந்தாப் போதும்.”

ஊர் சிரித்தது. ‘நங்கூரம்’ என்று பட்டப்பெயரும் வைத்தது. சவேரியார் கோபித்துக்கொள்ளவில்லை. எடையைக் கேலி செய்தவர்கள் உண்டு, எடைக்குச் சம்பளம் கொடுத்தவர் இவர் ஒருவர்தானே.

மகள் ஜாஸ்லின் அப்போது மூன்றாம் வகுப்பு. வேலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் கூட்டமில்லாத நாளில் சும்மா ஏறிக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் மனைவி யாகப்பம்மாள் மகளைக் கூட்டி வருவாள். தாயும் மகளும் ஒரு தொட்டிலில், சவேரியார் நேரெதிரில். மகள் உச்சியில் இருந்தால் அவர் தரையில். அவர் உச்சிக்குப் போனால் மகள் தரையில். சுற்றுக்கு இரண்டு தடவை மட்டும் இரண்டு தொட்டிலும் ஒரே உயரத்துக்கு வரும். அப்போது ஜாஸ்லின் எக்கிக் கை ஆட்டுவாள், அவரும் ஆட்டுவார்.

இறங்கியதும் மறக்காமல் கேட்பாள். “அப்பா, எங்கூட வந்து உக்காருங்கப்பா.”

“நான் அங்கிட்டு வந்துட்டா ராட்டினம் சுத்தாது தாயி.”

பொய்யில்லை, உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மையை ஒவ்வொரு தடவையும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது அவருக்கு முள்ளை விழுங்குவதாக இருந்தது.

சதக்கத்துல்லாவுக்கு உடம்பு முடியாமல் போகவே, பூங்கா சாயல்குடி உப்பள முதலாளி காளிராஜின் கைக்கு மாறியது. அவர் வாசலில் டைனோசர் ஒன்றை நிறுத்தி, ‘கிங் ஃபன் வேர்ல்டு’ என்று போர்டு மாட்டினார். பழைய கள், புதிய மொந்தை. டைனோசருக்குப் போட்ட பணத்தில் நல்ல மோட்டார் வாங்கியிருக்கலாம். ஆனால் மோட்டாரோடு நின்று யார் போட்டோ எடுக்கப்போகிறார்கள்?

சவேரியார் எதிர்த் தொட்டிலிலேயே இருந்தார். நர்சிங் படிக்க மதுரைக்குப் போகும் முன் ஜாஸ்லின் வந்து ஏறினாள், கை ஆட்டினாள். கல்யாணமாகி மாப்பிள்ளையோடு வந்தபோதும் ஆட்டினாள். பிறகு மஸ்கட் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். கொரோனா காலத்தில் யாகப்பம்மாள் போய்ச் சேர்ந்தாள். விமானம் ஓடாததால் தாயின் முகத்தை மகள் போனில்தான் பார்த்தாள்.

அதன்பிறகு சவேரியார் தனியாளாகிவிட்டார். வெளியூர்க் குடும்பங்கள் எதிரில் கூச்சல் போட்டுச் சிரிக்க, அவர் பாட்டுக்குச் சுற்றினார். தொட்டில்கள் சமமாக வரும்போதெல்லாம் எதிரே பார்ப்பார். எந்தப் பிள்ளையாவது கை ஆட்டாதா என்று ஏக்கமாக இருக்கும். அவர்கள் செல்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவதாக வாங்கியது ஒரு மதுரைக் கம்பெனி. புது மேனேஜரம்மா வந்த வாரமே விஷயத்தை முடித்துவிட்டார். “எடைக்குத்தானே? மணல் மூட்டை வச்சாப் போச்சு. ஐயா, நீங்க பார்க்கிங் பாத்துக்கங்க.”

ராட்டினம் ஓட்டும் காஜா நவாஸ் கொதித்துப்போனார். “மனுசனும் மணலும் ஒண்ணாண்ணே?”

சவேரியாருக்கோ மனசுக்குள் மத்தாப்பு. அன்றைக்கே மஸ்கட்டுக்குப் போன் போட்டார். “தாயி, இனிமே நான் ஓம் பக்கத்துல உக்காரலாம்.”

“கோயில் திருவிழாவுக்கு வாரேம்ப்பா” என்றாள்.

அந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. அதற்குள் பூங்கா மறுபடி விலைக்கு வந்தது. வாங்குகிறவர் ராட்டினத்தைக் கழற்றிப்போட்டு ரிசார்ட் கட்டப்போகிறாராம். சவேரியாருக்குத் தூக்கம் போயிற்று. இதைச் சொன்னதும் ஜாஸ்லின் திருவிழாவுக்குக்கூடக் காத்திருக்காமல் தனியாகப் புறப்பட்டு வந்துவிட்டாள்.

அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, கவுன்டரில் வேண்டாம் என்றாலும் கேளாமல் இரண்டு டிக்கெட் வாங்கினார். காஜா நவாஸ் எதிர்த் தொட்டிலில் மூட்டைகளை ஏற்றினார். இரண்டு பேருக்கும் ஈடுகட்ட மூட்டை நிறையவே வேண்டியிருந்தது. பிறகு தகப்பனையும் மகளையும் ஒரே தொட்டிலில் உட்காரவைத்துக் கம்பியைப் பூட்டினார்.

பக்கத்தில் உட்கார்ந்து மகளோடு என்ன பேசுவதென்று சவேரியாருக்குத் தெரியவில்லை. அவள் காதோரம் நரைத்திருந்தது. எதிரிலிருந்து பார்த்தவருக்கு அது இதுவரை தெரிந்ததேயில்லை.

“முட்டி வலி எப்படிப்பா இருக்கு?”

“பரவால்ல தாயி.”

ராட்டினம் முனகிக்கொண்டே கிளம்பியது. தென்னந்தோப்பு கீழே போனது, கடல் தெரிந்தது. இரண்டு தொட்டிலும் ஒரே உயரத்துக்கு வந்தன. ஜாஸ்லின் சட்டென்று எக்கி, எதிர்ப்பக்கம் பார்த்துக் கை ஆட்டினாள். சின்னப் பிள்ளையில் ஆட்டியது போலவே, முழுக்கையையும் வீசி.

எதிரே மணல் மூட்டைகள்தான் இருந்தன.

“யாருக்குத் தாயி கை காட்டுற?”

“ஒங்களுக்குத்தாம்ப்பா” என்றாள் ஜாஸ்லின். சொன்ன பிறகுதான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.