காயட்டும்

கண்ணை மூடிக்கொண்டு கேன்வாஸைத் தடவிக்கொண்டிருக்கிறார். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். உள்ளங்கை பொய் சொல்லுமாம். ஓரிடத்தில் கை நிற்கிறது. உப்புத்தாளை எடுத்து, குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல அந்த இடத்தில் மட்டும் மெல்ல ஒரு இழுப்பு. பிறகு விரலை மடக்கித் துணியைத் தட்டுகிறார்.

"கேட்டீங்களா சார்? இன்னும் மொத்துனு சத்தம் வருது. டங்குனு வரணும்."

எனக்கு எல்லாத் தட்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. தலையை மட்டும் ஆட்டிவைக்கிறேன்.

என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் இந்த எண்ணெய் ஓவியருக்கு எங்கள் தெருவில் 'காயட்டும்' என்று பெயர். துணிக்கு வஜ்ஜிரப் பசை பூசினால் காயட்டும். அதன்மேல் வெள்ளை பூசினால் காயட்டும். தேய்த்துவிட்டு மறுபடி பூசினால் அதுவும் காயட்டும். படம் எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கும் அதே ஒற்றைச் சொல்தான். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி தங்களை வரையச் சொல்லிவிட்டுப் போனது. படத்தை வாங்க வந்தபோது இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. அதையும் ஓரமாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டார்கள். "அதுக்குப் பெரிய துணியா கட்டணுமே" என்று இவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, அவசரமாக இருந்ததை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

ஞாயிறு காலையில் நான் மாடிக்குப் போவது கலையை ரசிக்க அல்ல. அந்த அறையின் வடக்கு ஜன்னலில் பேப்பர் படிக்க நல்ல வெளிச்சம். கண்ணைக் குத்தாது, இடம் மாறாது. அந்த வெளிச்சத்துக்காகவே இந்த வீட்டைப் பிடித்ததாகச் சொல்வார். சமையலறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருப்பதைப் பற்றி அவர் மனைவிதான் சொல்வார். வண்ணங்களைப் பலகையில் பிதுக்கி வைப்பதற்கு ஒரு வரிசை உண்டு; வெள்ளையில் தொடங்கி நீலத்தில் முடியும். கறுப்புக்கு அங்கே இடமில்லை. "கறுப்பு சோம்பேறிங்க கலர் சார். நிழலுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கச் சோம்பல், அதான் கறுப்பைத் தடவிடறாங்க." பிரஷ் துடைக்க அவருடைய பழைய சட்டைகள்தான். அந்த வீட்டில் முழுக்கைச் சட்டைகள் அரைக்கையாகி, பிறகு காணாமலே போய்விடும். வேலை முடிந்தால் பிரஷ்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, நுனியை விரலால் நீவிக் கூராக்கி வைப்பார். தன் தலைமுடிக்கு இத்தனை உபசாரம் செய்ததாகத் தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் மனைவி ஒருமுறை சொன்னார்: "இவரைச் சமைக்க விட்டா, பாத்திரத்தை எல்லாம் பளபளன்னு தேய்ச்சு அடுக்கிட்டு, சாப்பாடு எப்படின்னு கேப்பார்."

இப்படிப்பட்டவரிடம்தான் அவருடைய மாமனாரை வரையும் வேலை வந்து சேர்ந்தது.

மாமனார் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். பெண் ஒரு ஓவியரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று தெரிந்தபோது, "சுவத்துக்கு வெள்ளையடிக்கிறவனா இருந்தாக்கூடப் பரவால்ல, சுவராவது சுத்தமாகும்" என்றவர். அதன்பின் இந்த மாடிப்படியை அவர் மிதித்ததே இல்லை. மாமியார் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தார். அவர் காலமான பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் மிச்சம் இருந்தது தொலைபேசிதான். "மாத்திரை போட்டீங்களா?" "ம்." "வச்சிடவா?" "ம்."

ஓய்வுபெற்ற அதிகாரிகளின் சங்கத்துக்கு அவர் தலைவரானார். சங்கக் கூடத்தின் சுவரில் முன்னாள் தலைவர்கள் எல்லாரும் எண்ணெய் வண்ணத்தில் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் மட்டும் போட்டோவாகத் தொங்க முடியுமா? மகளுக்குப் போன் செய்தார்.

"மாப்பிள்ளை இப்பவும் அந்த வேலையிலதான் இருக்காரா?"

அதுதான் வேண்டுகோள்.

காயட்டும் கதிகலங்கிப் போனார். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். பிரித்து மறுபடி கட்டினார். முதல் ஞாயிறு மாமனார் கோட்டு அணிந்து, சொந்தமாக ஒரு மெத்தைத் திண்டுடன் வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, துணியில் ஒரு கோடுகூட விழவில்லை.

"இன்னிக்கு முகத்துல வெளிச்சம் எப்படி விழுதுன்னு மட்டும் பார்த்துக்கறேன் மாமா."

அடுத்த வாரம், "அடிப்பூச்சு இன்னும் காயட்டும் மாமா."

"துணி காயறதுக்குள்ள நான் காஞ்சுடுவேன் போலிருக்கே மாப்பிள்ளை" என்றார் பெரியவர். ஆனாலும் அதற்கடுத்த வாரமும் வந்தார்.

ஒருவழியாகக் காவிப் பழுப்பில் மெல்லிய கோடுகள் விழுந்தன. இரண்டடி பின்னால் போவார், கண்ணைச் சுருக்குவார். படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் அதைத் திருப்பிப் பார்ப்பார். திருப்தியில்லை. மனைவியைத் தனியே கூப்பிட்டு, "உங்கப்பா முகம் இறுகிப் போய் உக்காந்திருக்கார். நீ வந்து ஏதாச்சும் பேசேன்" என்றார்.

"என்னத்தப் பேசறது?"

"எதையாச்சும் பேசு. எனக்கு அந்தக் கன்னம் தளரணும்."

மனைவி வந்து கதவோரம் நின்று, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டார். போட்டுவிட்டாராம். கையிருப்பு அத்தோடு தீர்ந்தது. நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். பெரியவர் அறையை ஒருமுறை கண்ணால் சுற்றிவந்தார். "அந்த மூலையில ஈரம் ஏறியிருக்கு. யாரும் கவனிக்கறதில்லையா?"

"அப்பா, இது வீடு. ஸ்கூல் இல்ல."

பெரியவர் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அவர் மாப்பிள்ளைக்கும் அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். பிரஷ்ஷை அந்தரத்தில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அதன்பின் வாராவாரம் பேச்சு நீண்டது. படம் நிதானமாக வளர்ந்தது. ஒருநாள் பெரியவர் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "உங்கம்மா இங்க வந்துட்டு வந்து வாயே திறக்க மாட்டா. நானும் கேக்க மாட்டேன். ஆனா அவ புடவையில இந்த டர்பென்டைன் வாசனை வரும். சரி, பொண்ணைப் பார்த்துட்டு வந்திருக்கான்னு நினைச்சுக்குவேன்."

"என்னைப் பத்திக் கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டிருக்கலாம்."

ஓவியர் அன்று கன்னத்தை முடித்தார்.

போன ஞாயிறு பெரியவர் வரும்போதே அறிவித்துவிட்டார். "இன்னிக்கு முடிச்சிடுங்க மாப்பிள்ளை. சங்கத்துல அவசரப்படறாங்க. இனிமே நான் படியேறி வந்து உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை."

தேநீர் கொண்டுவந்த மகள் அதைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

காயட்டும் அன்று வேலை செய்த வேகத்தை நான் பார்த்ததே இல்லை. எண்ணெய் தாராளமாகக் கலந்த வண்ணம் நெற்றியில், மூக்கில், கோட்டின் மடிப்பில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கடைசியாக இடது காது. ஜன்னல் வெளிச்சம் ஊடுருவி விளிம்பில் லேசாகச் சிவந்த, வயதான காது. அப்படியே உயிரோடு இருந்தது. நானே பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தேன்.

பெரியவர் எழுந்து வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, படத்தை மேலிருந்து கீழாக ஆய்வு செய்தார். "நான்தான். என்ன, கொஞ்சம் நல்லவனாத் தெரியறேன்." திண்டை இடுக்கிக்கொண்டார். "வரட்டுமா?"

வழியனுப்ப மகளும் கூடவே இறங்கினார். ஓவியர் ஜன்னலருகே போய் நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். கீழே வாசல் கேட்டைப் பெரியவர் திறக்கப் பார்க்கிறார். மகள் அதன் கம்பியைப் பிடித்திருக்கிறார். பிடித்த கையை எடுக்கவில்லை.

"மாமா!" என்று ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தார் ஓவியர். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரணும். காது பாக்கி இருக்கு."

பெரியவர் அண்ணாந்து பார்த்தார். "முடிஞ்ச மாதிரி இருந்துச்சே?"

"இல்ல மாமா. அது சரியா அமையல."

"அப்படியா? காதில்லாத தலைவரை எப்படி மாட்டறது. வர்றேன், வர்றேன்."

காயட்டும் ஜன்னலிலிருந்து திரும்பினார். ஒரு சட்டைக் கையின் நுனியை டர்பென்டைனில் நனைத்துப் பிழிந்தார். படத்தின் முன்னால் வந்து நின்று, சிவந்த விளிம்பை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, கன்னத்தில் படாமல், காதை மட்டும் ஒரே இழுப்பில் துடைத்தெடுத்தார்.