ஜெசிந்தாவின் நேர்ச்சை ஆடு

என் வீட்டுக்காரர் டாக்டர் இன்னாசிமுத்து, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் எப்படி ஒன்றாக வாழ்வது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர். மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. அது தெரியாமல் சளித் தடிமன், காய்ச்சல் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்து அனுப்பியது நான்தான்.

வட்டகொடைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறித்த தாய்க்குப் பிறந்த மனுஷன். சாமியாராகப் போகிறேன் என்று கிளம்பிப் பாதியில் திரும்பி வந்து என்னைக் கட்டினார். கட்டின பிறகு அரபு படித்தார். வெளிநாட்டில் பட்டம் வாங்கினார், கண்டியில் விரிவுரை செய்தார், பெய்ரூட், ஜகார்த்தா என்று மாநாடுகளுக்குப் பறந்தார். போன இடத்திலெல்லாம் அவர் சொன்னது ஒரே கதை. எங்கள் தோட்டத்து அந்தோனியார் திருவிழாப் பந்தி.

அந்தப் பந்திக்கு ஆடு கொடுப்பது அவருடைய தங்கச்சி ஜெசிந்தா வீட்டு நேர்ச்சை. அறுப்பது கீழே ரயில் ஸ்டேஷனடிக் கடைக்காரர் பைஸர். அவருக்கு முன்னால் அவருடைய வாப்பா. முஸ்லிம் கை அறுத்தால்தான் கடைவீதி முஸ்லிம் ஆட்களும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட முடியும் என்று யாரோ அந்தக் காலத்தில் யோசித்து வைத்த வழக்கம் அது. வேதக்காரக் கிறிஸ்தவர், சைவக்கார இந்து, முஸ்லிம் எல்லாருக்கும் ஒரே வரிசை. தோட்டத்து லயத்து வீடுகளில் யார் செத்தாலும் பைஸர் கடையைச் சாத்திவிட்டு வந்து பெட்டிக்குத் தோள் கொடுப்பார்.

பிறகுதான் அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. கொழும்பில் புடவைக்கடையில் வேலை செய்த ஜெசிந்தாவின் ஒரே மகன் பிரதாப், காலைப் பூசைக்குப் போன இடத்தில், முஸ்லிம் தீவிரவாதிகள் சிலர் வெடிக்க வைத்த குண்டுக்குப் பலியானான். பெட்டியைத் திறந்து முகம் பார்க்கக்கூட விடவில்லை. பிள்ளையின் அடக்கத்துக்குப் பைஸர் வரவில்லை. அந்த வருஷத்தோடு ஜெசிந்தா ஆடு கொடுப்பதை நிறுத்தினாள், பைஸரும் மலையேறி வருவதை நிறுத்தினார். திருவிழாவுக்குப் பந்திக்குப் பதிலாகச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தார்கள்.

இந்த வருஷம் புதிதாக வந்த ஃபாதர் கூட்டத்தில் சொல்லிவிட்டார்: ஜெசிந்தா சம்மதித்துப் பைஸர் அறுத்தால் பந்தி, இல்லாவிட்டால் இனி எந்தக் காலமும் பார்சல்தான். என் வீட்டுக்காரர் துடித்துப் போனார். தங்கச்சி வீட்டுக்கு நடையாய் நடந்தார். பைஸர் பெயரை எடுத்தாலே அவள் கதவைச் சாத்தினாள்.

"இதுவும் போச்சுன்னா நான் படிச்சதெல்லாம் குப்ப, பிலோமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். கல்யாணம் கட்டின நாளிலிருந்து அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

கடைசியில் என் காய்ச்சலைச் சாக்குச் சொல்லி அவளை எங்கள் வீட்டுக்கு வரவைத்தார். பைஸரையும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டிருந்தார். கதிரைகளை எதிரும் புதிருமாகப் போட்டு, நடுவில் தண்ணீர் ஜக்கை வைத்து, "மொதல்ல கொஞ்ச நேரம் மௌனமா இருப்போம்" என்று ஆரம்பித்தார்.

"என்னங்க, இது என்ன ஜகார்த்தாவா?" என்றேன் நான். கேட்டால்தானே.

"மௌனமா இருந்து இருந்துதான் எனக்கு நெஞ்சு வெடிக்குது" என்றாள் ஜெசிந்தா. பைஸர் பக்கம் திரும்பினாள். அண்ணன் முறை வைத்து அவரை நானா என்றுதான் அவள் கூப்பிடுவாள். "நானா, குண்டு வச்சது நீங்க இல்லன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன கூறு கெட்டவளா? எம் புள்ளய தூக்கிட்டுப் போறப்ப நீங்க ஏன் வரல? ஒங்க கட முட்டாய தின்னு வளந்தவன் அவன். கோயில் படிக்கட்டுல நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேனே!"

பைஸர் இவரைப் பார்த்தார். இவர் ஜக்கைப் பார்த்தார்.

"வந்தேன் தங்கச்சி" என்றார் பைஸர். "பாலத்தடி வரைக்கும் வந்துட்டேன். இந்த சேர்தான் எனக்கு ஃபோன் கோல் எடுத்தாரு. வராதீங்க, பொடியன்க கொதிச்சுப் போய் நிக்கிறாங்க, ஒங்க மேல கை வச்சா என்னால பாக்க ஏலாதுன்னு சொன்னாரு. தங்கச்சிக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்னாரு."

எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

"சொன்னீங்களாண்ணே?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"அன்னைக்கு நீ இருந்த நெலமையில எப்படி ஜெசி... அப்புறம் நாள் போகப் போக..."

"ஒரே ஒரு வார்த்தைண்ணே! அத சொல்லியிருந்தா இந்த மனுஷன நான் இத்தன வருஷம் சபிச்சிருப்பேனா? ஒவ்வொரு பூசையிலயும் சபிச்சேனே!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை உலுக்கியிருப்பேன். உலகமெல்லாம் போய், நேரில் போங்கள், பேசுங்கள் என்று சொன்ன வாய், கூடப் பிறந்தவளிடம் திறக்கவில்லையே! பாவி மனுஷன், பயம் வந்தபோது எல்லாரையும் போலத்தான் நடந்திருக்கிறார்.

ஜெசிந்தா எழுந்தாள். "ஆடு பட்டியில நிக்குது நானா. நீங்களே வந்து அறுங்க." பிறகு அண்ணனைப் பார்த்தாள். "நீங்க பந்திக்கு வர வேணாம். ஒங்களோட ஒக்காந்து என்னால ஒரு வாய் திங்க முடியாது."

"சேர் எனக்கு ஒன்னும் ஆகக்கூடாதுன்னுதான்..." என்று பைஸர் குறுக்கிட்டார்.

"அது எனக்கும் வெளங்குது. தாங்கத்தான் முடியல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திருவிழாவன்று பைஸர் வந்து, பிஸ்மி என்று இறைவன் பெயரைச் சொல்லி அறுத்தார். கடைவீதி ஆட்கள் கூச்சத்தோடு மேலே ஏறி வந்தார்கள். ஜெசிந்தா பைஸருக்குத் தன் கையால் பரிமாறினாள். கறியை வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதாள். பைஸரும் அழுதார். என் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க மேடையில் பேசினது கண் முன்னால் நடந்தது, பார்க்க இவர் இல்லை.

வீட்டில் இவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யாராவது கூப்பிட வருவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. பந்தியிலிருந்து சோறும் கறியும் வைத்து நான் கொண்டுபோன தட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஜெசி குடுத்துவிட்டாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் இனி ஒரு மறைப்பு வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

"இல்லங்க. நான்தான் போட்டுட்டு வந்தேன்."

தலையை ஆட்டினார். தட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.