மீன் தொட்டி காஸ்

எங்கள் ஊர் செடெனாக்கில் என் மகளின் ஞானஸ்நான விருந்துக்காக நானே பீர் காய்ச்சி ஒரு கெக் பீப்பாய் நிறைத்து வைத்திருந்தேன். பீரைக் குழாய்க்குத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடு காஸ் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் உச்சத்தில் நின்றது. "நெறைய இருக்கு லா," என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். உள்ளே அந்த காஸ் கொஞ்சமாவது திரவமாக இருக்கும்வரை அந்த முள் இறங்காது, எடை போட்டால்தான் மிச்சம் தெரியும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

பாதி விருந்தில் காஸ் தீர்ந்து, பீர்க் குழாய் இருமிவிட்டு நின்றது. மச்சான்கள் காலி கிளாசோடு என்னையே பார்த்தார்கள். மாமியாரைக் காணோம். பீர் வாடையே ஆகாதவர். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுச் சீனரோடு திரும்பி வந்தார். அந்த மனிதர் கையில், மீன் தொட்டிச் செடிகளுக்குக் குமிழி விடும் சிலிண்டர்.

"இதுவும் அதே காஸ்தானாம், மாப்பிள்ளை. மாட்டுங்க. நம்ம வீட்டுக்கு வந்தவங்க வெறும் கிளாசோட நிக்கக்கூடாது," என்றார் மாமியார்.

மாட்டினேன். பீர் வந்தது.

மாமியார் இன்றும் பீரைத் தொடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு விருந்தன்றும், தன் சமையலறைத் தராசை என் சிலிண்டர் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பிரியாணிக்கு அரிசி களையப் போகிறார்.