பிறின்சி எழுதிய பதினொரு பேர்

பிறின்சிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வளவில் கழகக் கூட்டம் கூடியபோது காதுக்கு நேரமே கிடைக்கவில்லை.

"விசர்க் கதை கதையாதேங்கோ அல்பேர்ட் அண்ணை!" என்று அவள் கத்திய கத்தலில், வாசலால் இறங்கிக்கொண்டிருந்த மூன்று கிழவிகள் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

அல்பேர்ட் அலைமகள் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். கொக்கிளாய்ப் பக்கக் கரையில் சொந்தமாகத் தோணியும் கரைவலையும் வைத்திருக்கிற சம்மாட்டி. நல்ல மனுசன்தான். ஆனால் நல்ல மனுசர் செய்கிற விசர் வேலை இருக்கிறதே, அதைத்தான் தாங்க ஏலாது. பெண்கள் உதைபந்தாட்ட அணியில் பதினாறு பேர். அதில் ஐந்து பேர் கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்றவர்கள், பத்து வருடத்துக்கு மேலாகப் பந்தடிக்கிறவர்கள். மற்றப் பதினொரு பேரும் பள்ளிக்கூடப் பெட்டைகள். எந்த நாளும் பழைய ஆட்கள்தானோ என்று பெட்டைகளின் தாய்மார் அல்பேர்ட்டின் வீட்டுக்கு நடந்தார்கள். நாங்கள் தொடங்கின அணியில் எங்களையே வெளியில் இருத்துவதோ என்று பெரியவர்களும் நடந்தார்கள். மனுசன் யோசித்தார். யோசித்து, முறை வைத்துவிட்டார். முதல் பாதியில் ஐந்து பெரியவர்களும் ஆடுவது, இடைவேளையில் ஐந்து பேரும் வெளியே வந்து அவர்களுடைய இடத்தில் மிச்ச ஐந்து பெட்டைகளும் இறங்குவது.

"கரையில காலமை வலை விடுறது ஒருத்தர், மத்தியானம் மற்றவர். என்ர அப்பு காலத்தில இருந்து இந்த முறையிலதான் போகுது. ஒரு சண்டை வந்ததோ?" என்று அல்பேர்ட் கேட்டார்.

"பந்து என்ன சூடை மீனே அண்ணை, காலமை படாட்டி மத்தியானம் படும் எண்டு இருக்க?"

சிரித்தார்கள். சிரித்துவிட்டு எல்லோரும் அல்பேர்ட்டுக்கே கை உயர்த்தினார்கள். சண்டை இல்லாமல் கூட்டம் முடிந்தால் சரி என்று நினைக்கிற சனம்.

பிறின்சிக்கு முப்பத்துமூன்று வயது. போர் முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய அடுத்த வருடம், அவளும் அவளுடைய புருசன் வின்சனின் அக்கா புனிதமும்தான் இந்த அணியைத் தொடங்கினார்கள். மைதானம் என்று ஒன்று இருக்கவில்லை. கருவாடு காயப்போடுகிற மணலைக் கூட்டித் துப்புரவாக்கினார்கள். சுரிதார்க் காற்சட்டையோடு இரண்டு பெண்கள் ஓடுவதைப் பார்த்து ஊர் அவர்களை வாய்க்கு அவலாக்கி மென்றது. 'பிள்ளையைப் பாக்காமல் பந்தைப் பாக்கினம்' என்றது. வின்சனிடமே வந்து சொன்னார்கள். 'அவள் பந்துக்கு உதைக்கிற மட்டும் எனக்கு நல்லதுதான்' என்று அவன் வலையைத் தைத்துக்கொண்டே சொல்லிவிட்டான். பன்னிரண்டு வருடமாகப் பிறின்சி விடியற்காலை வலையில் நண்டு கழற்றி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பின்னேரம் பந்தடித்தாள். பின்வரிசையின் நடுவில் அவள் நின்றால் மதில் என்பார்கள். ஆனால் மாகாணப் போட்டிக்கு ஒருமுறையும் போனதில்லை. இந்த வருடம்தான் பெட்டைகளும் சேர்ந்து, போகலாம் என்கிற அணியாக வந்திருந்தது. இரண்டு ஆட்டத்தில் ஒன்றை வென்றால் போதும்.

முதல் ஆட்டம் மல்லாவி அணியோடு. முறைப்படி ஆடினார்கள். இடைவேளைக்கு இரண்டு கோல் முன்னுக்கு நின்றார்கள். முறைப்படி ஐந்து பேரும் வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பிறின்சி கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தாள். பதினொரு பெட்டைகளும் பந்துக்குப் பின்னால் ஒன்றாக ஓடினார்கள். நில் என்று சொல்ல ஒருத்தி இல்லை, திரும்பு என்று சொல்ல ஒருத்தி இல்லை. மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். பதினேழு வயதுச் சுகந்தினி, அணியிலேயே கெட்டிக்காரி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நீ ஏனடி அழுகிறாய்? அழவேண்டிய ஆள் அங்கால சோடா குடிச்சுக்கொண்டு நிக்கிறார்," என்று பிறின்சி அல்பேர்ட்டுக்குக் கேட்கவே சொன்னாள்.

அடுத்த நாள் காலை கரைக்கே போய்விட்டாள். அல்பேர்ட்டின் வலை வந்துகொண்டிருந்தது. இரண்டு கயிற்றிலும் பத்துப் பத்துப் பேர் பின்னுக்குச் சாய்ந்து இழுத்தார்கள். அல்பேர்ட் இவளைக் கண்டதும் கடலைப் பார்த்தார்.

"அண்ணை, அந்தக் கயித்தில முன்னுக்கு நிக்கிறது ஆர்?"

"ராசு. ஏன், உனக்குத் தெரியாதோ?"

"அவருக்கு அறுபது வயது. பின்னால?"

"பொடியள்."

"மற்றக் கயித்திலயும் முன்னுக்கு ஒரு வயசாளி, பின்னுக்குப் பொடியள். ஏன் வயசாளியள் எல்லாரையும் ஒரு கயித்தில விட்டிட்டுப் பொடியளை மற்றக் கயித்தில விடேல்ல?"

"உனக்கென்ன விசரே? ஒரு பக்கம் ஓடி வரும், மற்றப் பக்கம் பிந்தும். வலை கோணி மீன் முழுக்க வெளியில போயிடும்."

"அதைத்தானே அண்ணை நீங்கள் நேற்று மைதானத்தில செய்தனீங்கள்! வலையில தெரிஞ்ச புத்தி பந்தில எங்க போனது? மீன் போனா நாளைக்கும் வரும். எனக்கு அடுத்த வருசம் முப்பத்துநாலு!"

இழுத்துக்கொண்டிருந்த பொடியன்கள் கயிற்றை விடாமலே சிரித்தார்கள். அல்பேர்ட் சாரத்தை அவிழ்த்து மறுபடி கட்டினார். "அப்ப நீயே பேரை எழுது. ஆனா ஏச்சு வாங்கிறதும் நீதான்" என்றார்.

எழுதினாள். தன் பெயரை முதலாவதாக எழுதினாள், அதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. பெரியவர்களில் மூன்று பேர், பெட்டைகளில் எட்டுப் பேர். நடுவரிசைக்கு வந்தபோதுதான் கை நின்றது. அது புனிதத்தின் இடம். பந்து எங்கே வரப்போகிறது என்று மைதானத்தில் முதலில் தெரிவது புனிதத்துக்குத்தான். ஆனால் அங்கே போய்ச் சேர அவளுடைய முழங்கால் விடாது. தைலம் பூசிப் பூசித் தோல் கறுத்துவிட்டது. பிறின்சி அந்த இடத்தில் சுகந்தினியை எழுதினாள். எழுதியது சரிதான். சரி என்று அவளுக்குத் தெரியும்.

போய்ச் சொல்லவேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். வேலிக்கரையில் போய் நின்றாள். புனிதம் குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. பிறின்சி ஒரு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, கழகத்து வட்ஸ்அப் குழுவில் பெயர்களைப் போட்டுவிட்டாள்.

அன்று பின்னேரம் வேலிக் கதியாலில் ஒரு சட்டி கவிழ்ந்து கிடந்தது. முதல் நாள் இவள் நண்டுக்கறி கொடுத்தனுப்பிய சட்டி. அந்த ஊரில் வாங்கிய சட்டியை ஒருவரும் வெறுமையாகத் திருப்பமாட்டார்கள், ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறும் சட்டி வந்தால் உன்னோடு கதை இல்லை என்று அர்த்தம். பிறின்சி சட்டியை எடுத்துக் குசினிக்குள் எறிந்தாள். "முழங்கால் ஏலாட்டி நான் என்ன செய்யிறது? நானோ அவாவின்ர முழங்காலை உடைச்சனான்?" என்று வின்சனோடு பாய்ந்தாள். அவன் ஒன்றும் கேட்காமலே ஏச்சு வாங்கினான். ஐந்து நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. புனிதம் பயிற்சிக்கு வந்தாள், எல்லோருக்கும் பந்து எறிந்தாள், இவளுக்கு மட்டும் எறியவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் பிறின்சியின் பதினொரு பேரும் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அல்பேர்ட் இரண்டு தரம் கதிரையை விட்டு எழும்பினார். பெட்டைகள் ஓடினார்கள், பெரியவர்கள் நிறுத்தினார்கள். இருபதாவது நிமிடத்தில் சுகந்தினி கோல் போட்டாள். இடைவேளை வரை எல்லாம் நன்றாகவே போனது.

இடைவேளைக்குப் பிறகு எதிரணியில் ஒரு மெல்லிய பெட்டை இறங்கினாள். கால் நிலத்தில் படுகிறதோ இல்லையோ என்று ஓட்டம். ஒருமுறை பிறின்சியைத் தாண்டிப் போனாள், கோல் காக்கிறவள் பாய்ந்து பிடித்தாள். இரண்டாம் முறை தாண்டினாள், பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. பிறின்சி பெட்டைகளைப் பார்த்து, "எருமையள், ஆளைப் பிடிக்கத் தெரியாதோ!" என்று கத்தினாள். பிடிக்கவேண்டிய ஆள் அவள்தான். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளுடைய வாய்க்குப் பயந்து அல்பேர்ட்டும் பேசாமல் இருந்தார்.

மூன்றாம் முறையும் அந்தப் பெட்டை தாண்டினாள். சுகந்தினி எங்கிருந்தோ ஓடிவந்து பந்தை வெளியே தள்ளினாள். அப்போதுதான் கோட்டுக்கு வெளியே இருந்து அந்தக் குரல் வந்தது.

"பிறின்சி! உனக்குக் கால் முடிஞ்சுது. வெளியில வா!"

புனிதம். பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே கத்தினாள். "பெட்டையைப் பின்னுக்கு விடு. நடுவில நான் நிக்கிறன். அல்பேர்ட் அண்ணை, ஆளை மாத்துங்கோ!"

மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறின்சிக்கு உச்சந்தலை வரை ஏறியது. பன்னிரண்டு வருடத்தில் அவளை ஒருவரும் பாதி ஆட்டத்தில் கூப்பிட்டதில்லை. போகமாட்டேன் என்று நிற்கத்தான் நினைத்தாள். ஆனால் அந்த மெல்லிய பெட்டை மறுபடி பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. பிறின்சி மண்ணை உதைத்துக்கொண்டு வெளியே போனாள்.

இருபது நிமிடம். சுகந்தினி பின்னுக்கு வந்து அந்தப் பெட்டையோடு சேர்ந்து ஓடினாள், ஒருமுறைகூட விடவில்லை. புனிதம் ஓடவேயில்லை. நடுவில் நின்று கையைக் காட்டிக் காட்டிப் பெட்டைகளை நகர்த்தினாள், வந்த பந்தை ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாள். விசில் ஊதியபோது ஒன்றுக்குச் சுழியம். மாகாணப் போட்டி.

பெட்டைகள் கூச்சல் போட்டுக் கட்டிப்பிடித்தார்கள். அல்பேர்ட் வேட்டியோடு மைதானத்துக்குள் ஓடினார். பிறின்சி மட்டும் தண்ணீர்க் கானுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். புனிதம் நொண்டி நொண்டி வந்து கானைத் தூக்கிக் குடித்தாள்.

"அவ்வளவு சனத்துக்கு முன்னால கத்தவேணுமே மச்சாள்? மெல்ல வந்து சொல்லியிருக்கலாமே!" பிறின்சியின் குரல் உடைந்தது. அது கோபத்தில்தான்.

"சனத்துக்கு முன்னால எண்டாலும் உன்ர முகத்தைப் பார்த்துச் சொன்னனான். நீ எனக்கு என்ன செய்தனீ? வேலிக்கு அங்கால நிண்டுகொண்டு போனில அனுப்பினனீ. நீ வந்து நிண்டதை நான் குசினிக்குள்ளால பார்த்தனான். வருவாய் எண்டு துருவினதை நிப்பாட்டிப்போட்டு இருந்தனான்."

பிறின்சி கானின் மூடியை எடுத்துப் புனிதத்திடம் நீட்டினாள்.

"மாகாணத்துக்கும் நீயே எழுது," என்று சொல்லிவிட்டுப் புனிதம் கானை மூடினாள். "என்ர பேரை வெட்டுறதெண்டால் வெட்டு. ஆனா வெட்ட முதல் படலையைத் திறந்து உள்ளுக்கு வாடி."