நமுகோஸேயின் ரத்தக் குழு

என் தங்கை நமுகோஸேயை நர்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அவள் நர்ஸ் இல்லை. எங்கள் ஊர் கமுலியின் ஆஸ்பத்திரி வாசலில், மஞ்சள் குடைக்குக் கீழே உட்கார்ந்து சிம் கார்டும் ரீசார்ஜும் விற்கிறவள். அவளைப் படிக்க வைக்கத்தான் நான் பள்ளியை விட்டேன் என்று ஊரில் சொல்வதும் சரியல்ல. எனக்குப் படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லாதபோது ஜனங்கள் வாசலுக்கு ஓடிவந்து, போகிற வருகிறவர்களின் கையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள். அதைத் தினமும் பார்த்துப் பார்த்து, சிம் வாங்க வருகிறவர்களிடம் "உங்க ரத்தம் என்ன வகை?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

"கைரேகை வாங்கினீங்க, போட்டோ வாங்கினீங்க. இப்ப ரத்தமும் வேணுமா?" என்று ஒரு கிழவர் எழுந்தே போய்விட்டார்.

பதில் சொன்னவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழுவாக்கினாள். ரத்தம் வேண்டுமென்று செய்தி போட்டால் கொஞ்ச நேரத்தில் யாராவது "வர்றேன்" என்பார்கள். வந்தும் விடுவார்கள். பெரியவர்கள் முன் பெண்கள் மண்டியிடுவது எங்கள் ஊர் வழக்கம்; போனில் பேசும்போதும், அவர்கள் எதிரே இருப்பது போலவே மண்டியிட்டுத்தான் நலம் விசாரிப்பாள். பாவாடை முட்டியில் எப்போதும் செம்மண் கறை இருக்கும்.

வாட்ஸ்அப்தான் ஏன் என்றால், எங்கள் ஊரில் போன் கம்பெனிகள் விற்கும் மலிவான டேட்டாவில் அது ஒன்றுதான் திறக்கும். மற்றதெல்லாம் பூட்டு. எந்தக் கம்பெனி விலையைக் குறைக்கிறதோ அந்த சிம்முக்கு எல்லாரும் மாறுவோம். வாட்ஸ்அப்பை மட்டும் பழைய எண்ணிலேயே விட்டுவைப்போம். செய்திதான் தடையில்லாமல் வருகிறதே, பழைய சிம் எங்கே போனது என்று யார் தேடுவார்கள்?

பக்கத்தில், சப்பாத்திக்குள் ஆம்லெட்டைச் சுருட்டி ரோலெக்ஸ் விற்கிற பலிகேயாவோடு அவளுக்கு இதில் ஓயாத சண்டை.

"ரோடு போட்டவன் கம்பெனிக்காரன். எந்த வண்டி போகலாம்னு அவன்தானே சொல்லணும்?" என்பான்.

"ரோட்டுக்குக் காசு வாங்கிக்கட்டும். நான் யார் வீட்டுக்குப் போறேன்னு அவன் எதுக்குக் கேக்கறான்? ரோலெக்ஸை வித்துட்டு, இதை என் மாமியார் வீட்டுலதான் திங்கணும்னு நீ சொல்லுவியா?"

"என் மாமியார் பாத்தா உன் கையிலேருந்தே பிடுங்கித் தின்னுடுவா!"

தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் இணையம் மொத்தமாக நின்றது. மலிவு டேட்டா, விலையுயர்ந்த டேட்டா, எதுவும் இல்லை. மேலிடத்து உத்தரவு என்றார்கள். குரல் அழைப்பு மட்டும் இருந்தது.

"பொய் பரவக் கூடாதுன்னு நிறுத்தியிருக்காங்க, நமு. நாலு நாள் இல்லேன்னா எவனும் செத்துட மாட்டான்" என்றான் பலிகேயா.



தேர்தலுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, ககோயாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். குழுவில் ஓ நெகட்டிவ் உள்ளவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருத்தி ககோயா. முன்பின் தெரியாதவர்களுக்கு இரண்டு தடவை கை நீட்டியவள். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்ததெல்லாம் பாசிட்டிவ் ரத்தம். முதல் பிரசவத்திலேயே ககோயாவின் உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கிவிட்டதாம். ஏற்றினால் அதுவே கொல்லும் என்றார் டாக்டர். ஜின்ஜா நகரத்து ரத்த வங்கியிலிருந்து வண்டி கிளம்பும், ஆனால் நேரமாகும் என்றார்.

மற்ற இருவரையும் நமுகோஸே போனில் கூப்பிட்டாள். லாரி டிரைவர் இகாபாவின் எண் உபயோகத்திலேயே இல்லை. ஆசிரியை நாங்கோபியின் எண் அடித்தது. சட்டென்று மண்டியிட்டாள்.

"டீச்சரம்மா இருக்காங்களா?"

"எந்த டீச்சர்?" என்றது ஒரு ஆண் குரல். "நான் ம்பராராவுல மாடு மேய்க்கிறேன். போன மாசம் புது சிம் வாங்கினேன், இந்த நம்பர் இப்ப என்னுது."

அது நாட்டின் மறுகோடி. இருந்தும் அவரையும் வீட்டில் சுகமா என்று கேட்டாள். பிறகு, "ஐயா, உங்க ரத்தம் என்ன வகை?" என்றும் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

"அண்ணே, டீச்சர் வீடு நம்வெண்ட்வா பக்கம். பள்ளிக்கூடத்துல விசாரி. ஓடு!"

என் வெல்டிங் பட்டறை முதலாளியின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. வீட்டைக் கண்டுபிடித்தேன், அதுவும் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு வந்தாள்.

"டீச்சர் ஓட்டுப் போட சொந்த ஊருக்குப் போயிட்டாங்க. பேரு அங்கதானே பதிஞ்சிருக்கு."

"போன் நம்பர் இருக்கா தாயி? ஒரு உயிர் போகுது."

அவள் உள்ளே ஓடிப்போய்த் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். அதே எண்தான். "இதுல வாட்ஸ்அப்புல கூப்பிட்டா உடனே எடுத்துடுவாங்களே" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் திரும்புவதற்குள் நமுகோஸே பஸ் நிலையம், சந்தை, ஓட்டு எண்ணும் இடம் என்று ஓடி, கூட்டத்தின் நடுவே நின்று கத்தியிருக்கிறாள். ஏழெட்டுப் பேர் பின்னாலேயே வந்தார்கள். ஒருவர் ரத்தமும் சேரவில்லை. உச்சி வெயிலில் ககோயா இறந்தாள். ஜின்ஜா வண்டி அதற்குப் பிறகு வந்தது.

அவள் புருஷன் தெண்ய்வா குழந்தையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றான். கோபமாகக்கூட இல்லை, தெரியாமல் கேட்பவன் போலக் கேட்டான்.

"நிறையப் பேர் இருக்கிற குழுன்னு அவ சொல்லுவாளே தங்கச்சி. அவங்கல்லாம் எங்க?"

 

திங்கட்கிழமை இணையம் வந்தது. குடைக்கடியில் அவள் போன் அதிர ஆரம்பித்தது. ககோயாவைக் கொண்டுவந்த அன்று, எப்படியாவது போகாதா என்று குழுவில் ஒரு செய்தி போட்டிருக்கிறாள். போகாமல் நின்றிருந்த அது இப்போது தானாகவே எல்லாருக்கும் போய்விட்டது: "அவசரம். நம்ம ககோயாவுக்கு ஓ நெகட்டிவ் வேணும்."

"வர்றேன்." "எனக்கு பாசிட்டிவ், ஆனா தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார்." "ககோயாவுக்கா? கடவுளே. பொறுங்க." இகாபா, லாரியைத் திருப்பிவிட்டதாகச் சொல்லியிருந்தார். நாங்கோபி டீச்சரிடமிருந்து குரல் செய்தி, பின்னால் பஸ் இரைச்சல்: "ஏறிட்டேன் நமு. அவளை எப்படியாவது தாங்கிப் பிடிங்க."

நமுகோஸே டீச்சரை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். இந்தத் தடவை உடனே எடுத்தார்கள். நலம் விசாரிக்காமல் அவள் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"டீச்சர், அவசரமில்ல. அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுங்க."

பலிகேயா அடுப்பை அணைத்துவிட்டு, சப்பாத்திக் கல்லையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நமுகோஸே குழுவில் பொதுவாக ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ககோயா எப்போது போனாள் என்று எழுதினாள். கூடவே, இப்போது கையில் இருக்கும் சிம்மின் எண் என்ன என்றும் கேட்டாள்.

"நாளைக்குச் செய்யலாம், வீட்டுக்கு வா" என்றேன்.

"கொஞ்சம் சும்மா இரு அண்ணே" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "'வர்றேன்'னு இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."