மூன்றில் இரண்டு பேர்

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் ரயில் நிற்கப் போகிறது. விருதுநகரிலிருந்து என் எதிரே வந்த பேச்சியம்மாள் எழுந்து, கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். கரிவலம்வந்தநல்லூரில் குத்தகைக்குப் பயிரிடுகிறவர். வயலைவிட்டு வெளியேற்ற வந்த நிலக்காரரோடு வழக்காடி, மெட்ராஸ் ஹைகோர்ட்டில் தோற்று, டெல்லி சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்துத் திரும்புகிறார்.

“தீர்ப்பைக் கேட்டீங்களா?” என்கிறேன்.

“எல்லாம் இங்கிலீசு. வக்கீலுதான் சொன்னாரு. எங்க கேசுக்கு மூணு ஜட்ஜு. ஒருத்தரு நிலக்காரரு பக்கம் எழுதிட்டாராம். அவ்வளவுதான், வயலு போச்சுன்னு நெனச்சேன். மத்த ரெண்டு பேரும் எங்க பக்கம். கூடுதல் பேரு சொல்லுததுதான் தீர்ப்பாம்.”

பிளாட்பாரத்தில் ஊர்க்காரர்கள் மாலையோடு நிற்கிறார்கள். அவரைப் போலவே குத்தகைக்குப் பயிரிடும் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து, “ஏத்தா, அவிய இதுக்கு மேலயும் போவாவளோ?” என்று மெல்லக் கேட்கிறார்.

“மேல ஏது அண்ணாச்சி கோர்ட்டு? அதான் உச்சி. அங்கன சொன்னா சொன்னதுதான்.”

பெரியவருக்குக் கண் நிறைந்துவிடுகிறது. மாலையை அவரே போடுகிறார். வீட்டில் விருந்து காத்திருப்பதாக யாரோ சொல்கிறார்கள்.

“வீட்டுக்குப் பொறவு போவோம். மொதல்ல வயலுக்கு” என்று மாலையோடு முன்னால் நடக்கிறார் பேச்சியம்மாள்.