கணக்கில்தான் டவுட்

திருச்சியில் நான் படித்த பள்ளியில் டவுட் கேட்கிற பிள்ளைதான் நல்ல பிள்ளை. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலை கிடைத்து, நாங்கள் புக்கிட் பாஞ்சாங்கில் குடியேறியபோது எனக்குப் பத்து வயது. புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே, பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தபோது கையைத் தூக்கினேன்.

"மிஸ், ஐ ஹேவ் எ டவுட்."

எழுதிக்கொண்டிருந்த சீன ஆசிரியை திரும்பினார். "யூ டவுட் மீ?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்ப்பெண், இங்கேயே பிறந்தவள், இடைவேளையில், இந்த ஊர் 'லா' போட்டு விளக்கினாள். "இங்க கொஸ்டின்னுதான் சொல்லணும் லா. டவுட்னா டீச்சர் சொல்றத நீ நம்பலன்னு அர்த்தம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் எல்லாரும் சொல்கிற சொல் இங்கே மட்டும் எப்படி மரியாதைக் குறைவாகும்? அதன்பிறகு வகுப்பில் வாயே திறக்கவில்லை. பின்னக் கணக்கும் தலைக்கு மேலே போய்விட்டது. அடுத்த பரீட்சையில் ஃபெயில். அம்மா திட்டுவாள் என்று பயந்தேன். அவள் திட்டவில்லை.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. கேக்கறத மட்டும் நிறுத்திடாதடி" என்றாள்.

மறுநாள், பரீட்சையில் வந்த பின்னக் கணக்கை ஆசிரியை பலகையில் போட்டபோது கையைத் தூக்கினேன். கொஸ்டின், கொஸ்டின் என்று மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டுதான் எழுந்தேன். வாயில் வந்ததோ டவுட். மறுபடியும் சிரிப்பு. இந்தமுறை நான் உட்காரவில்லை. தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, "மிஸ், டவுட் இஸ் இன் தி சம். நாட் இன் யூ" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது.

ஆசிரியை பலகையை அழித்துவிட்டு அந்தக் கணக்கை முதலிலிருந்து போட ஆரம்பித்தார். எதற்காக ஒரே எண்ணால் மேலேயும் கீழேயும் பெருக்குகிறோம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முடித்துவிட்டு, "ஸ்டில் காட் டவுட்?" என்று கேட்டார். கேட்டதில் கேலி இல்லை. இல்லை என்று தலையசைத்தேன்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. முதல் தடவை எல்லாருக்கும் முந்திச் சிரித்த சீனப் பையன்.

"டீச்சர், ஐ ஆல்சோ காட் டவுட் லா."

யாரும் சிரிக்கவில்லை. இன்னும் சில கைகள் எழுந்தன. என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிற இத்தனை பேருக்கும் அந்தக் கணக்கு புரியாமல்தான் இருந்திருக்கிறது. கேட்டவள் நான். பெருமையில் எனக்கு உட்காரவே மனம் வரவில்லை.